நினைத்த பூ

இதை எழுதும்போது என் வலது கண் திறந்திருக்கிறது. அதன் கீழ் இமையில் ஒரு முடிகூட இல்லை. வெயிலில் நீர் வழிகிறது. பொழுது சாய்ந்தால் எழுத்துகள் ஓரத்தில் கரைகின்றன. ஆனாலும் இந்த வரி எனக்குத் தெரிகிறது. படுக்கை காலியானதும் கார்டு போடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அது வருவதற்குள் நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கண் ஓரத்தில் வந்திருப்பது வெறும் கட்டிதான் என்று நாளைக் கடத்துகிறவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், மறுநாளே பட்டணத்துக்கு ரயில் ஏறட்டும். இதை எழுதுவதில் எனக்கு வேறு லாபம் இல்லை.

நான் அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்துக்காரன். பெயர் ஏகாம்பரம். அண்ணன் முனுசாமி ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிறார். நான் படித்துவிட்டதால் பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் புரூப் திருத்தும் வேலைக்குப் போனேன். பள்ளிப் பாடம், பக்திப் பாட்டு, பிரசங்கம் என்று எல்லாம் என் கையில் வரும். வருஷா வருஷம் பஞ்சாங்கமும் வரும். அதில் ஒரு நாழிகை தப்பினால் ஊரில் ஒரு கல்யாணம் தப்பும் என்பார் முதலாளி. அதனாலோ என்னவோ, எதையும் மாதமும் திதியும் சேர்த்தே நினைவில் வைக்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த வேலையெல்லாம் ஒரே கண்ணால் செய்தது. இடது கண் எனக்கு ஐந்து வயதில் பெரியம்மையில் போயிற்று. விழி சுருங்கி, சுண்ணாம்பு நிறத்தில், தளர்ந்த இமைக்குப் பின்னால் கிடக்கிறது. நான் பிழைத்ததே அதிசயம் என்பார்கள். அப்போது என் அம்மா எல்லையம்மன் கோயிலில் ஒரு வாக்குக் கொடுத்தாள். பிள்ளையை விட்டுவிடு, அந்தக் கண் உன்னுடையது, அதில் மருந்தோ மையோ கத்தியோ படாது என்று. அன்று முதல் ஆடி மாதந்தோறும் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு கண்மலர், கண் வடிவில் செய்த வெள்ளித் தகடு, போகும். மற்றவர்கள் ஜோடியாகச் செலுத்துவார்கள். நாங்கள் ஒற்றை. அம்மா இறந்த பிறகு அதை அண்ணன் தவறாமல் செய்துவந்தார்.

வெள்ளைக்காரருக்கும் ஜெர்மனிக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கும் காலம். ஆவடிக்குப் போகும் சிப்பாய்களால் ரயில் நிறைந்து வழியும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் கண்ணாடி பார்க்கும்போதுதான் வலது கண்ணின் கீழ் இமையில் மிளகு அளவுக்கு ஒரு தடிப்பைக் கண்டேன். வலி இல்லை. கண் கட்டிதான் என்று என் மனைவி கன்னியம்மா கிராம்பு உரசிப் போட்டாள். நாமக்கட்டியும் போட்டாள். அது கரையவும் இல்லை, பழுக்கவும் இல்லை. ஆனி மாதத்தில் அம்பத்தூர்க் கம்பவுண்டர் ஒருவர் அதைக் கீறினார். மஞ்சளாக, வெண்ணெய்க் கட்டிபோல ஏதோ வந்தது. ஆவணியில் அதே இடத்தில் மறுபடியும் எழும்பிற்று. மறுபடியும் கீறினார். புரட்டாசியில் மூன்றாம் முறை எழும்பியபோது, அந்த இடத்தில் இருந்த இமை முடிகள் உதிர்ந்திருந்தன. இதைக் கவனித்துச் சொன்னது கன்னியம்மாதான். கம்பவுண்டரும் நல்ல மனிதர். முடி உதிர்ந்ததைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இனி நான் தொடமாட்டேன், பட்டணம் போங்கள் என்றார்.

தீபாவளி கழிந்த வாரத்தில் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனும் கூட வந்தார். வெளி நோயாளிகள் கூடத்தில் நீளமான பெஞ்சுகள். எல்லோரும் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட நகர்ந்து நகர்ந்து மத்தியானத்தில் இருட்டறைக்குள் போனோம். அங்கே ஒரே விளக்கு. பெரிய டாக்டர் என் இமையைக் கட்டை விரலால் மடித்துப் பார்த்தார். விளக்கை இன்னும் அருகே இழுத்து மறுபடி பார்த்தார். பிறகு, இதற்கு முன் கீறியது யார், கீறி எடுத்த சதை எங்கே என்று கேட்டார். வாளியில் போட்டார்கள் என்றேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. விளக்கு என் கண்ணில் அல்லவா அடித்தது. ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார். அதை வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பி, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். பதில் வரும்வரை வாரம் முழுக்க அச்சுக்கூடத்துக்குப் போய் வேலை செய்தேன். அந்த வாரம் நான் திருத்திய அச்சுப் பாரங்களில் ஒரு பிழைகூடத் தப்பவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒரு வரியும் நினைவில்லை.

பதில் வந்தது. இமையின் உள்பக்கத்தில் வரிசையாக எண்ணெய் சுரக்கும் சிறு பைகள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் அந்த எண்ணெய்தான் காக்கிறது. அந்தப் பைகளில் ஒன்றில் புற்றுநோய் பிடித்திருந்தது. பார்வைக்குச் சாதாரணக் கட்டிபோலவே இருக்கும், டாக்டர்களே ஏமாறுவார்கள், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருவதும் முடி உதிர்வதும்தான் அடையாளம் என்றார் பெரிய டாக்டர். அவர் நிதானமாகப் பேசுகிறவர். தமிழில் சொல்ல முடிந்ததைத் தமிழில் சொன்னார்.

இரண்டு வழிகள் இருந்தன. கண்ணையும் இமைகளையும் சேர்த்து எடுத்துவிடுவது ஒன்று. உயிருக்கு அதுதான் அதிகப் பாதுகாப்பு. ஆனால் எனக்கு இருப்பது அந்த ஒரு கண். இன்னொன்று, கீழ் இமையை மட்டும் நல்ல சதை வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புது இமை செய்வது. இமைக்கு இரண்டு அடுக்கு உண்டு. உள் அடுக்கை அதே கண்ணின் மேல் இமையிலிருந்து பிரித்துக் கீழே இழுத்துத் தைப்பார்கள். அது அங்கே வேர் பிடிக்கும்வரை கண் தைத்தபடியே மூடியிருக்கும். பொங்கல் தாண்டும் வரையாவது இருட்டுதான். வெளித் தோலுக்கு வேறோர் இடத்திலிருந்து தோல் எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னாலிருந்து எடுக்கலாமாம். ஆனால் அது தடிப்பு. நாளாக ஆக இமையைக் கீழே இழுக்கும், கண் காய்ந்து புண்ணாகும். உடம்பிலேயே இமைத் தோலைப்போல மெல்லியது இன்னொரு இமையின் தோல்தான்.

டாக்டர் என் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். இங்கே தோல் தாராளமாகத் தளர்ந்திருக்கிறது, இதை எடுத்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றார்.

பக்கத்தில் நின்ற அண்ணன் இரண்டடி பின்வாங்கினார்.

இதோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அண்ணன் வெளியே போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். இரண்டு முறை கீறியதில் விதை சிதறியிருக்கலாம். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டுகிற இடங்கள் இருக்கின்றன. கண்ணிலிருந்து போகிறது அங்கேதான் போய்த் தங்கும். இப்போது கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் பிற்பாடு முளைக்கலாம், அங்கே ஏதாவது தடித்தால் அன்றே வர வேண்டும் என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஒரே சமயத்தில் எவ்வளவுதான் சொல்வது.

அண்ணன் வராந்தாவில் குந்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"காதாண்ட எடுக்கச் சொல்லு. தொடையில எடுக்கச் சொல்லு. எங்கிட்ட இருந்து வேணும்னாலும் எடுத்துக்கட்டும். அந்தக் கண்ணு நம்மள்து இல்ல ஏகாம்பரம். ஆத்தா குட்த்துட்டுப் போனது. குட்த்தத திரும்ப எடுத்தா அம்மன் சும்மா வுடுவாளா?"

படித்தவன் நான். பெரியம்மைக்குக் காரணம் கிருமி என்று நானே புரூப் திருத்தியிருக்கிறேன். ஆனாலும் டாக்டரின் விரல் இடது இமையில் பட்டபோது நான் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்து அந்தக் கண்ணை யாரும் தொட்டதில்லை. கன்னியம்மாகூடத் தொட்டதில்லை.

கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். அம்மனையே கேட்டுவிடுவது என்று. எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, எதற்கும் பூக் கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். எந்த நிறம் சம்மதம், எந்த நிறம் மறுப்பு என்பதைக் கேட்கிறவர் மனத்துக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரிக்கும் தெரியாது. நினைத்தவருக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரியும்.

அதற்குள் என்னை ஆண்கள் வார்டில் சேர்த்துவிட்டார்கள். துணைக்கு ஆண்தான் இருக்கலாம் என்பது விதி. ஆகவே அண்ணன் என்னோடு தங்க, கன்னியம்மா தனியாகக் கோயிலுக்குப் போனாள். மறுநாள் காலை முதல் ரயிலில் வந்தாள். வார்டு வாசலில் நின்றே அண்ணனிடம் சொன்னாள்.

"நெனச்ச பூ வந்துச்சி மாமா."

அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ரயில் நெரிசலில் தலை கலைந்திருந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரே கண், அதுவும் நோய்க் கண்.

கார்த்திகை மாதம், தீபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அறுவை. மயக்கம் கொடுக்கவில்லை. கொகேன் சொட்டு விட்டு, சுற்றிலும் ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். வலி இல்லை, ஆனால் இழுப்பதும் அறுப்பதும் தெரிகிறது. கத்தரியின் சத்தம் மண்டை ஓட்டுக்குள் கேட்கிறது. முதலில் கெட்ட இமையை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு இடது பக்கம் வந்தார்கள். கத்தி அங்கே பட்டபோது, எனக்கே தெரியாமல் கூப்ப முயன்ற கைகளைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டார்கள். பிறகு மேல் இமையின் உள் அடுக்கு திரைபோலக் கீழே இறங்கிற்று. நான் கடைசியாகப் பார்த்தது விளக்கின் விளிம்பும், டாக்டரின் விரல் கணுவும், அதற்கு நடுவே கறுப்புப் பட்டு நூல் ஒன்றும். நூல் இறுகியது. அவ்வளவுதான்.

அதன் பிறகு உள்ளதெல்லாம் காதாலும் மூக்காலும் அறிந்தவை. வார்டின் சத்தங்களை இரண்டே நாளில் பிரித்துக்கொண்டேன். மருந்துத் தள்ளுவண்டி, நர்ஸ் அம்மாவின் செருப்பு, தண்ணீர்ப் பானையின் மூடி எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சத்தம் இருந்தது. மூச்சு விட்டாலே கட்டு நகர்ந்துவிடுமோ என்று பயம். இருமல் வந்தால் செத்தேன் என்று நினைப்பேன். தும்மல் வரும்போல் இருந்தால் மூக்கின் கீழ் விரலை அழுத்திக்கொண்டு கிடப்பேன்.

அடுத்த கட்டிலில் சவரிமுத்து என்பவர். குமணன்சாவடியில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். அவருக்குக் கட்டி இமையில் இல்லை, கண்ணுக்குள்ளேயே. விழியை முழுக்க எடுத்துவிட்டார்கள். என் கண்கள் கட்டியிருந்த நாட்களில் அவருடைய மிச்சமிருந்த ஒரு கண்தான் எனக்கும். வருகிறவன் போகிறவன் எல்லோரையும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"நைனா, இப்ப வர்றது தாடி வச்ச சின்ன டாக்டரு. மூஞ்சப் பாத்தா அவனுக்கே கண்ணு வலி மாரி கீது."

எடுத்த கண்ணுக்குப் பதில் கண்ணாடிக் கண் வைப்பது வழக்கம். அவை ஜெர்மனியிலிருந்து வருகிறவை. சண்டையினால் கப்பல் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரிப் பெட்டியில் வெள்ளைக்காரர்களுக்கென்று செய்த நீலக் கண்கள் சிலதான் மிச்சம். சவரிமுத்து அதில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு பக்கம் சவரிமுத்து, ஒரு பக்கம் தொரை. இனிமே என் குதிரைக்கே நா சலாம் வைக்கணுமா, அது எனக்கு வைக்கணுமான்னு கொழம்பிடும் நைனா."

வார்டே சிரித்தது. நான் சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அன்று சாயங்காலம் அவர் ஜெபமாலை உருட்டும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

கன்னியம்மா தினமும் பகலில் வருவாள். சோற்றைக் குழைய மசித்து, என் வாய் அகலமாகத் திறக்காதபடி சிறு சிறு கவளமாக ஊட்டுவாள். இமை அசையக் கூடாது என்பதற்காக என்னைப் பேச வைக்கமாட்டாள். ஊரில் நெல் எப்படி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று அவளே சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் சென்றபின் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் குனியும்போது எண்ணெய் வாசம் வருகிறது, புகை வாசம் வருகிறது, பூ வாசம் வருவதில்லை. கல்யாணமான நாள் முதல் அவள் தலையில் பூ இல்லாமல் நான் பார்த்ததில்லை. சவரிமுத்துவிடம் மெல்லக் கேட்டேன்.

"வெறுந்தலையாதான் கீது நைனா," என்றார் அவர். "நானும் கேக்கலாம்னு நெனச்சேன். சொம்மா இருந்துட்டேன்."

அவளிடம் கேட்டதற்கு, சண்டைக் காலத்தில் பூ விற்கிற விலைக்கு யார் வாங்குவது என்றாள். அண்ணன் அவளைக் கடிந்துகொண்டதும் என் காதில் விழுந்தது. புருஷன் உயிரோடு படுத்திருக்கும்போது இப்படி வருவது நல்லதற்கா என்று கேட்டார். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

மார்கழி பிறந்ததும் வலது கண்ணின் மேல்கட்டை எடுத்துவிட்டு, தைத்த கண்ணோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது இமை ஆறியிருந்தது. அங்கே தோல் எடுத்த தழும்பு ஒரு கோடுதான். தெருவில் பலரும் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். குருடனுக்குக் காதும் கேட்காது என்று நினைத்து உரக்கப் பேசியவர்களும் உண்டு. அச்சுக்கூடத்தில் புது வருஷப் பஞ்சாங்கம் என்னை விட்டுவிட்டே அச்சாகிக்கொண்டிருந்தது. பெயருக்கு விடுமுறை என்றாலும், கண் வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று முதலாளி அண்ணனிடம் சொல்லியனுப்பியிருந்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலை வாசலில் உட்கார்ந்து முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினேன். மூடிய இமைக்குள் வெளிச்சம் தெரிந்தது. கண் செத்துவிடவில்லை. கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு வந்து என் தோளைத் தொட்டாள்.

"தெரிகிறது கன்னியம்மா. சிவப்பாகத் தெரிகிறது" என்றேன்.

தோளில் இருந்த கை விலகிற்று. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம், பொங்கல் கழிந்து தேய்பிறையில் ஒரு நாள் திறப்பதாக ஏற்பாடு. வார்டு வழியாகப் போகும்போது சவரிமுத்துவின் குரலுக்குக் காது கொடுத்தேன். கேட்கவில்லை. வார்டு ஆள் சொன்னான்: கிறிஸ்துமஸுக்கு நீலக் கண்ணோடு கோயிலுக்குப் போனாராம், சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் வேடிக்கை காட்டினாராம், பிறகு ஈரலில் வந்துவிட்டது, புது வருஷம் பிறந்ததும் போய்விட்டார். கண்ணில் வந்தது ஈரலுக்குப் போகுமா என்று அண்ணன் அவனைக் கேட்டார். எனக்கு முன்பே தெரியும் என்பதால் நான் கேட்கவில்லை.

திறப்பது சின்ன வேலை. மரக்கச் செய்து, கத்தரியின் ஓர் அலகை இமைகளுக்கு நடுவே நுழைத்து, இரண்டே வெட்டு. வெளிச்சம் தண்ணீர்போலக் கொட்டிற்று. முதலில் டாக்டரின் அங்கிப் பித்தான். அதன் நான்கு துளைகளும் தெரிந்தன. டாக்டர் ஓர் அட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். அவர் அதிகம் பேசாதவர். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வெளியே அழைத்துவந்தபோது பெஞ்சில் கன்னியம்மா எழுந்து நின்றாள். இளைத்திருந்தாள். தலையில் பூ இல்லை.

மாசியில் வேலைக்குத் திரும்பினேன். ஒரு பாரத்துக்கு முன்பு ஆன நேரம்போல இரண்டு பங்கு ஆயிற்று. முதலாளி பொறுத்துக்கொண்டார். கண் வந்த பிறகும் கன்னியம்மா பூ வைக்கவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவளின் விரல் என் வலது காதுக்கு முன்னால் வந்து நின்றது. நகர்ந்தது. மறுபடி அங்கேயே வந்து நின்றது. நானும் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒன்று, கல்லுப்போல. அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நா வெள்ளையத்தான் நெனச்சேன்," என்றாள். "வந்தது செவப்பு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அவ வாணாம்னுட்டா. நான்தான் சரின்னு வந்து சொல்ட்டேன். கோயில்லயே அவகிட்ட சொன்னேன், இவர எதுவும் பண்ணிடாத, எதுனாலும் என்னக் கேளு, ஒன் முன்னாடி நா பூ வச்சிகினு நிக்கமாட்டேன்னு. அவ கேக்கல பாருங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ரயிலில் வந்தவள், வார்டு வாசலில் நின்று 'நெனச்ச பூ வந்துச்சி' என்றவள், தைத்த கண்ணோடு நான் கிடந்த நாளெல்லாம் இதைத் தனியே வைத்துக்கொண்டு எனக்குச் சோறு ஊட்டியவள். 'சிவப்பாகத் தெரிகிறது' என்று நான் சொன்ன காலை நினைவுக்கு வந்தது.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை அப்போது அவளுக்குச் சொன்னேன். நெறி கட்டும் இடங்களைக் காட்டினேன். இந்த விதை கம்பவுண்டர் கத்தியிலேயே சிதறியிருக்கும், நீ கோயிலுக்குப் போவதற்கு முன்பே இது உள்ளே வந்துவிட்டது என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். நான் முடித்தபின், "அது டாக்டரு சொல்றது," என்றாள். நம்பவில்லை என்றும் தோன்றவில்லை, நம்பினாள் என்றும் தோன்றவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.

அண்ணனுக்கு இன்றுவரை பூ விஷயம் தெரியாது. இந்தக் காகிதங்கள் அவருக்குப் படிக்க வராது.

மறு திங்கட்கிழமை நாங்கள் இருவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். வெள்ளையும் சிவப்பும் கலந்து கட்டிய கதம்பம் ஒரு முழம் வாங்கிக் கன்னியம்மாவிடம் நீட்டினேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் வைக்கவில்லை. இலையோடு கையில் பிடித்தபடியே ரயில் ஏறினாள்.

பெரிய டாக்டர் முதலில் இமையைப் பார்த்தார். மடித்தும், விளக்கு வைத்தும் பார்த்தார். புது இமையில் நோயின் சுவடே இல்லை, இடது கண்ணிலிருந்து எடுத்த தோல் நன்றாக ஒட்டிவிட்டது, இதைவிடச் சுத்தமாக எதிர்பார்க்க முடியாது என்றார். பிறகு காதின் முன்னால் விரலை வைத்தார். தாடைக்கு அடியிலும் வைத்து அழுத்தினார். அங்கேயும் ஒன்று இருந்தது. கழுத்து ஓரமாகக் கீறி இவற்றை எடுக்க வேண்டும், முகத்தின் ஒரு பக்கம் சற்றுக் கோணலாம், பிறகு ரேடியம் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதற்கப்பால் என்ன என்று நான் கேட்டேன். முதலில் இதைச் செய்வோம் என்றார். ஜெனரல் வார்டில் படுக்கை இல்லை, காலியானதும் கார்டு வரும் என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் ரயிலில் ஆவடி போகும் சிப்பாய்கள் நிறைந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து கன்னியம்மாவுக்கு இடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் இமையைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவளிடம் மறுபடி சொன்னேன். அம்மன் கண்ணிலிருந்து எடுத்த தோல்தான் சுத்தமாக இருக்கிறதாம் என்றேன். அவள் வில்லிவாக்கம் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் இருந்த இலையைப் பிரித்தாள். பூ வாடத் தொடங்கியிருந்தது.

"இப்ப வைக்கலன்னா அப்பால வைக்க முடியாமப் பூடும்," என்றாள்.

கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையில் செருகினாள். வெள்ளை எது, சிவப்பு எது என்று அவள் பார்க்கவில்லை. நான் மேலே நின்றபடி பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு இரண்டும் தெரிந்தன.